பள்ளக்காட்டுக் கிடை

அந்த வருஷம் கல்லூரணிப்பட்டிக்காரர்கள் மூன்று தடவை விதைத்தார்கள். புரட்டாசிக் கடைசியில் புழுதியில் போட்ட உளுந்தும் பாசியும் எறும்புக்குப் போயின. ஐப்பசியில், அடைமழை பிடித்து வீட்டுக்குள் துணி காயப்போட வேண்டிய நாட்களில், வானம் துடைத்துப் போட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி கண்ணைக் கூசவைத்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு உழவு மழை பெய்தது. அதை நம்பி இரண்டாவது தடவை விதைத்தார்கள். முளைத்து, நாலு இலை விட்டு, நின்ற நிலையிலேயே கருகியது. கார்த்திகைப் பாதியில் மூன்றாவது தடவையாக மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டு, அண்ணாந்து பார்க்கவும் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

பூவனலிங்கம் மூன்றாவது விதைப்பைப் போடவில்லை. அவருடைய மூன்று ஏக்கரும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். "மண்ணுக்குப் பசிக்கி, அதான் வாயத் தொறந்துட்டுக் கெடக்கு. நம்ம போடுத வெத அதோட கடவாப் பல்லுக்குக் காணாது" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஆடு இருந்தது. வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த பொட்டாடு என்கிற செம்மறி, பெரிசு அறுபத்திநாலு, குட்டி பன்னிரண்டு. காடு கைவிட்ட வருஷங்களில் எல்லாம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அதுதான்.

ஆட்டுக்கு மேய்ச்சல் தேடித்தான் பள்ளக்காட்டுக்குப் போனார். கண்மாயின் தெற்குக் கரைக்குக் கீழே, ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளித் தணிவாகக் கிடக்கிற காடு அது. அதில் பத்து ஏக்கர் ஜாபர் அலிக்குச் சொந்தம். மெயின் ரோட்டு விலக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் அவர். போன வருஷத்துப் பருத்திச் செடிகள், காய்ந்த மாராக, அதில் அப்படியே நின்றன. "மார மேய்ச்சுக்கிடுங்க. கிடை போட்டியன்னா எனக்கும் உரமாச்சு" என்றார் ஜாபர் அலி. பூவனலிங்கம் வலையைக் கட்டி, ராத்திரி ஆடுகளை அதற்குள் அடைத்துக் கிடை போட்டுப் பதினைந்து நாளாக அங்கேயே கிடந்தார். ரெங்கம்மாள் தினம் காலையில் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள்.

அவளுக்கு வீட்டிலும் வேலை இருந்தது. மகள் முத்துசெல்வி பிரசவத்துக்கு வந்து, ஆண்குழந்தை பெற்று இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. மருமகன் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவன்; ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவான். பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பூண்டுக்குழம்பும் கருவாடும் வைத்துக்கொடுத்துவிட்டு, ரெங்கம்மாள் பள்ளக்காட்டுக்கு நடப்பாள். நாற்பத்தாறு வயதில் அவளுடைய நடை இளவட்டங்களுக்கு இணையாக இருக்கும்.

சனிக்கிழமை சாயந்திரம் எல்லோருடைய செல்போனிலும் ஒரே மாதிரி சத்தம் வந்தது. பலத்த மழை, எச்சரிக்கை என்று எழுத்து ஓடியது. வாசித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அய்ப்பசியிலயும் இப்பிடித்தான் அனுப்புனான். எம்போன நனைச்சானா?" என்றான் ஹரிகிருஷ்ணன். அவன் பூவனலிங்கத்தின் கூடப்பிறந்த தம்பி. ஊரின் வார்டு மெம்பரும்கூட.

ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி, விடியும்போதே பெய்துகொண்டிருந்தது. தூறலாக ஆரம்பிக்கவில்லை, கிழக்கேயிருந்து கொண்டல் காற்று ஒரு தள்ளுத் தள்ள, மொத்தமாக வந்து இறங்கியது. ஜனங்கள் நனைந்துகொண்டே தெருவில் நின்றார்கள். முதல் தண்ணீர் பட்டு மண்ணிலிருந்து கிளம்பிய வாசனையைக் குழந்தைபோல மூக்கை விடைத்து இழுத்தார்கள். மத்தியானம் கண்மாயில் தண்ணீர் வருகிறது என்று சொன்னதும் ஊரே கரைக்குப் போனது. ஆறு வருஷமாகச் சீமைக்கருவேல் காடாகக் கிடந்த கண்மாய் அது. செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு, முள்ளுக்குள் புகுந்து, பாம்பையும் ஓணானையும் மேலே துரத்திக்கொண்டு வந்தது. ரெங்கம்மாளும் பார்த்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்றவர்களும் அழுதார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் பள்ளக்காட்டுக்குப் போகமுடியவில்லை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். போன் போட்டாள். "ஆடு எல்லாம் தலையத் தொங்கப்போட்டுட்டு நிக்கி. குட்டியக் கூட்டுக்குள்ள போட்டுத் தார்ப்பாயப் போத்தியிருக்கேன். எனக்கு அவல் இருக்கு, நீ வராத" என்றார் பூவனலிங்கம். பிறகு, "மழ எப்பிடிப் பெய்யுது பாத்தியா!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் கல்யாணமான புதிதில் கேட்டது.

மறுநாளும் மழை விடவில்லை. அதற்குள் கரண்ட் போயிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கீழத்தெருவில் நாலு மண்வீடு உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஊரில் அது ஒன்றுதான் கான்கிரீட் கட்டடம். முத்துசெல்வியையும் பிள்ளையையும் கொண்டுபோய், பிள்ளையைப் பழஞ்சேலையில் சுற்றி, சத்துணவுக் கூடத்து மேடையில் படுக்கவைத்தாள் ரெங்கம்மாள். எட்டரை மணிக்கு ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள்: கண்மாய் நிறைந்துவிட்டது. மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் வழியை முள்ளும் மரமும் அடைத்துக்கொண்டது. ஊரைப் பார்த்த கரையில் மூன்று இடத்தில் தண்ணீர் கசிகிறது.

ரெங்கம்மாள் கரைக்குப் போனபோது பதினைந்து ஆண்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். சாக்கில் மண்ணை அள்ளிப் போட்டால் சாக்கோடு கரைந்துபோனது. ஹரிகிருஷ்ணன் தெற்கே கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"என்னய்யா, சொல்லு. என்னத்துக்கு நிப்பாட்டுத?"

"மயினி, வேற வழி இல்ல. தெக்குக் கரைய வெட்டிவிட்டாத்தான் இங்கன தணியும். இது ஒடஞ்சுதுன்னா பள்ளிக்கூடத்தோட போயிரும். முந்நூறு பேரு இருக்கு."

"தெக்க வெட்டுனா பள்ளக்காட்டுல போயி விழுமே."

"ஆமா மயினி."

"அங்கன ஒங்கண்ணன் இருக்காரு."

அவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். மழைத்தண்ணீர்தான் வழிந்தது. "காலையிலயே ரெண்டு பேர அனுப்புனேன். ஓடையத் தாண்ட முடியலன்னு திரும்பிட்டானுவ."

குடையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜாபர் அலி முன்னால் வந்தார். "எங்காடு போனாப் போவுது மெம்பரே. மண்ணுதான? ஆனா அதுல மனுசன நிறுத்தி வெச்சுட்டு வெட்டக் கூடாது. அல்லாவுக்கு அடுக்காது."

"நான் போறேன்" என்றாள் ரெங்கம்மாள். "எனக்கு நேரம் குடுங்க."

"மயினி, ஓடையில..."

"நான் மேக்காம சுத்தி, பாலத்து வழியாப் போறேன். எம்புட்டு நேரம் தருவ? சொல்லு."

ஹரிகிருஷ்ணன் கசிகிற இடத்தைப் பார்த்தான். "பன்னெண்டு மணி. பன்னெண்டு வரைக்கும் எப்பிடியும் தாக்காட்டுதோம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது மயினி."

"தங்கச்சி" என்று கூப்பிட்டார் ஜாபர் அலி. "எங்காட்டு ஓரத்துல காத்தாடி ஒண்ணு நிக்கில்லா? அதுக்கு மேடு போட்டு உசத்தியிருக்காவ. ஆளயும் ஆட்டயும் அதுல ஏத்திரு. வேற எங்கயும் ஓடாத."

செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் இறங்கினாள். மணி ஒன்பது.

காய்ந்து கிடந்தால் இரும்பு. நனைந்துவிட்டால் கரிசல் ஆளை விடாது. வைத்த காலை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். பிடுங்கினால் ஒரு மரக்கால் மண்ணோடு வரும். பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று, குச்சியால் வழித்து எறிந்துவிட்டு நடந்தாள். பிறகு வழிப்பதையும் விட்டுவிட்டாள். சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டாள். மூன்று தடவை விழுந்தாள். விழுந்த இடத்தில் மக்காச்சோள முளைகள் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தன. யார் காடோ. பாலத்துக்கு மேல் கணுக்கால் அளவு ஓடியது. கைப்பிடிச் சுவரை அணைத்துக்கொண்டு கடந்தாள். பள்ளிக்கூடத்து மேடையில் படுத்திருந்த பிள்ளையின் ஞாபகம் வந்தது. அந்தக் கரை பன்னிரண்டு வரைக்கும் தாங்கவேண்டும் என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். தாங்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்காமல், காலைப் பிடுங்கிக் காலை வைத்தாள்.

பள்ளக்காட்டில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு நடுவில் கொஞ்சம் உயர்ந்த ஒரு திட்டில் ஆடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, எல்லாத் தலையும் உள்பக்கம் பார்க்க, ஒரே பொதியாக நின்றன. பூவனலிங்கம் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, உளைச்சேற்றில் மாட்டிய ஒரு ஆட்டை வாலையும் கொம்படியையும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கோபம் வந்தது.

"ஏட்டி, கிறுக்கு எதும் பிடிச்சிருக்கா? பிள்ளயப் போட்டுட்டு எதுக்கு வந்த?"

"கரைய வெட்டப்போறாவ. தெக்குக் கரைய. பன்னெண்டு மணிக்கு."

அவருக்கு விளங்கச் சற்று நேரமானது. "ஆரு?"

"எல்லாரும்தான். ஒங்க தம்பி பன்னெண்டு வரைக்கும் பொறுக்கேன்னு சொல்லியிருக்கான். நம்ம போயிருவோம். வாங்க."

"ஆட்ட?"

"காத்தாடி மேட்டுல ஏத்துவோம். ஏறினது ஏறட்டும்."

காற்றாலை அங்கிருந்து இருநூறு அடி. வெள்ளைத் தூண் மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது, இறக்கை ஓடவில்லை. அடியில் கிராவல் அடித்து ஆள் உயரத்துக்கு மேல் மேடு கட்டி, நடுவில் சிமிண்டுத் தளம் போட்டிருந்தார்கள். தூணின் கதவுக்குப் போகிற இரும்புப் படி ஒன்றும் இருந்தது. வழக்கமாக மணி கட்டிய தாயாடு நடந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். பூவனலிங்கம் மணியாட்டைப் பிடித்து இழுத்தார். அது தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டுப் பின்வாங்கியது. பின்னால் தள்ளினாலும் நகரவில்லை. செம்மறி பயந்துவிட்டால் அடித்துக் கொன்றாலும் எட்டு வைக்காது.

"குட்டிய எடு. குட்டி அங்கன கத்துனா தாயி தன்னால வரும்" என்றார்.

ரெங்கம்மாள் கூட்டைத் திறந்து, முந்தானையில் இரண்டு குட்டி, கக்கத்தில் ஒன்று என்று அள்ளினாள். அவர் ஆறு குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினார். மேட்டில் கொண்டுபோய் விட்டதும் குட்டிகள் கத்தின. பொதியிலிருந்து ஒரு தாய் தலையை வெளியே எடுத்தது. பிறகு இன்னொன்று. மிச்ச மூன்று குட்டிகளையும் கொண்டுபோனபோது ஏழெட்டுத் தாய்கள் தண்ணீரில் இறங்கித் தத்தளித்துக்கொண்டு வந்தன. வழியில் சேற்றில் மாட்டியதை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பிடுங்கினார்கள். நனைந்த ஆடு நெல்மூட்டை கனம் கனத்தது.

"மணி என்னட்டி?"

பையைப் பிரித்துப் பார்த்தாள். "பதினொண்ணு இருவது."

"நெறைய நேரம் கெடக்கு. குட்டி இல்லாதத நான் தூக்கிட்டு வாரேன். நீ மேல நின்னு வாங்கு."

அவர் ஒரு பெட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு நாளாக அவல் தவிர வேறு ஒன்றும் வயிற்றில் இல்லை. இரண்டாவது ஆட்டை இறக்கியவர் இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போதும், மேல வாங்க" என்றாள். "இன்னும் ஒண்ணு" என்றுவிட்டுப் போனார். மூன்றாவது ஆடும் வந்தது. "கிடாவ மட்டும் கொண்டாந்துருதேன். அது இருந்தாத்தான் அடுத்த வருசம் குட்டி." திரும்ப இறங்கிவிட்டார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கிராவல் லாரி ஒன்று சரக்கைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. கொட்டி முடிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரெங்கம்மாள் வடக்கே பார்த்தாள். கரை இருந்த இடத்தில் செந்நிறமாக ஏதோ எழுந்து நின்று, பிறகு குனிந்து வந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. பதினொன்று முப்பத்தைந்து.

"வந்துட்டு! விட்டுருங்க! கிடாவ விட்டுருங்க!"

அவர் திட்டில் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கத்தியது கேட்டதா இல்லையா தெரியவில்லை. குட்டிகளோடு கொண்டுவந்து போட்டிருந்த கிடை வலையின் கயிறு மேட்டில் கிடந்தது. ஒரு முனையை இரும்புப் படியில் முடிந்துவிட்டு மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று அது நின்ற இடத்திலேயே ஏறியது. அவர் கிடாவை விட்டுவிட்டு வந்தார். வந்தார் என்று சொல்லமுடியாது, தண்ணீர்தான் கொண்டுவந்தது. அவருடைய சாக்குக் கொங்காணி கையில் சிக்கியது. அதைப் பிடித்து, பிறகு முடியைப் பிடித்து, பிறகு தோளைப் பிடித்தாள். கயிறு அவளுடைய உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடி, முனையில் இருந்த முடிச்சில் போய் நின்றது.

மேட்டில் ஏறி விழுந்து இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தபோது, ஆடுகள் போய்க்கொண்டிருந்தன. பொதி கலையவில்லை. ஐம்பத்துச் சொச்சம் ஆடும் ஒன்றோடொன்று ஒட்டியபடி, தலையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் தென்கிழக்கே போயின. மணியாட்டின் மணிகூடக் கேட்கவில்லை. பூவனலிங்கம் வாயைக் குவித்து, சாயந்திரம் கிடைக்குத் திருப்பக் கூப்பிடுகிற மாதிரி, "த்தோ... த்தோ... வா... வா..." என்று கூப்பிட்டார். ஒன்றிரண்டு தலை திரும்பிய மாதிரி இருந்தது. அவை மறைந்த பிறகும் வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

மேட்டில் தங்கியது குட்டி பன்னிரண்டு, பெரிசு பதினொன்று.

மறுநாள் உச்சிக்கு மழை விட்டது. தண்ணீர் வடிந்து வழி தெரிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் அப்படியே நின்றது. முத்துசெல்வி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் வாசலில் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவள், எழாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ரெங்கம்மாள் நினைத்தாள்.

ஹரிகிருஷ்ணன் வந்து தள்ளியே நின்றான். "மயினி, நாங்க வெட்டல. அதுக்குள்ள அது தன்னால ஒடஞ்சிட்டு" என்றான். அண்ணன் பக்கம் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. ரெங்கம்மாள் முற்றத்தில் காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் வேட்டித் துணிக் கட்டு இருந்ததால் முத்துசெல்விதான் மொண்டு கொடுத்தாள். இரண்டு செம்பு மொண்டவள் மூன்றாவதை மொள்ளாமல் நின்றாள்.

"யம்மா, சித்தப்பா சொன்னது பொய். கர தன்னால ஒடையல."

"தண்ணிய ஊத்துட்டி, பிள்ளைக்குக் குளிருது."

"நாந்தான் வெட்டச் சொன்னேன்."

ரெங்கம்மாளின் கை பிள்ளையின் முதுகில் நின்றது.

"தண்ணி மேடைக்கு ஏறிட்டும்மா. பிள்ளையத் தலைக்கு மேல தூக்கிட்டு நின்னேன். சித்தப்பா வந்து பாத்தாவ. ‘இன்னும் அர மணி நேரம் இருக்குட்டி, ஒங்கம்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்’னு அழுதாவ. நாந்தான் வெட்டுங்க, இப்பமே வெட்டுங்கன்னு கத்துனேன். அவிய காலப் பிடிச்சேன்." குனிந்து மூன்றாவது செம்பை மொண்டாள். "ரெண்டு பேரும் கீழ இருக்கியன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

பிள்ளை சிணுங்கியது. ரெங்கம்மாள் செம்பை வாங்கி, தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றி, கையால் வழித்துவிட்டாள். துவட்டினாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். மகள்மேல் கோபம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். பாலத்தில் நடக்கும்போது தான் யோசிக்காமல் விட்ட இடத்தை இவள் யோசித்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"ஒங்கப்பாட்ட இதச் சொல்லாத. கேட்டியா? எப்பமும் சொல்லாத."

பூவனலிங்கம் காலையிலேயே கண்மாய்க்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வீட்டுக்குள் போய், மூலையில் கிடந்த கம்பை எடுத்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"தன்னால ஒடஞ்ச கர எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் மேல மம்பட்டி வெட்டு அப்பிடியே தெரியுது. தண்ணிகூட அத அழிக்கல. பன்னெண்டு மணின்னு ஒங்கிட்ட வாக்குக் குடுத்தாம்லா? கூடப் பொறந்தவன் கீழ நிக்கான்னு தெரிஞ்சி வெட்டியிருக்கான். மூஞ்சியப் பாத்துப் பொய் வேற சொல்லுதான். இன்னைக்கு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"கம்பக் கீழ போடுங்க."

"வழிய விடு."

வாசற்படியில் முத்துசெல்வி வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். இன்னும் ஒரு நொடி போனால் சொல்லிவிடுவாள். ரெங்கம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"நாந்தான் வெட்டச் சொன்னேன்."

பூவனலிங்கம் அவளைப் பார்த்தார்.

"வரும்போது சொல்லிட்டுத்தான் வந்தேன். மணி பாக்காதிய, பள்ளிக்கூடத்துக்குள்ள தண்ணி ஏறிச்சுன்னா உடனே வெட்டிருங்கன்னு. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் பிள்ள மேல சத்தியம் வாங்கிட்டு வந்தேன். ஒங்ககிட்ட பன்னெண்டுன்னு சொன்னது பொய்."

"பொய்யா?"

"ஆமா."

"நீ மணி பதினொண்ணு இருவதுன்னு சொன்ன. நான் நேரம் கெடக்குன்னு கீழ எறங்குனேன். கிடாவுக்கு எறங்குனேன்." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "அது எப்ப வேணாலும் வரும்னு தெரிஞ்சிக்கிட்டா என்னய விட்ட?"

இதற்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஆமா" என்றாள்.

கம்பு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அங்கேயே, ஈரத்தரையில் உட்கார்ந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆட்ட விட்டுட்டு மேல ஏறியிருப்பேனே. இல்ல, ஆடு போவும்னு மனசு ஆறியிருக்கும். ஒரு வார்த்த." ரெங்கம்மாள் அவருக்கு முன்னால் மண்டியிட்டு, தன் கட்டுப்போட்ட கையை அவர் தோளில் வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை. அது அங்கே இருப்பதாகவே எண்ணாமல் எழுந்து, ஆட்டுப் பக்கம் போனார்.

அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. ஹரிகிருஷ்ணன் வந்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பீடி குடித்தார்கள். ஹரிகிருஷ்ணன் ஒன்றும் புரியாமல் மதினியைப் பார்த்தான்; அவள் வேறு பக்கம் பார்த்தாள். வெள்ளம் கொண்டுபோன காட்டில் ஈரம் நிறையக் கிடந்தது. இந்த ஈரத்துக்குக் கொத்தமல்லி வரும் என்று சிலர் நாலாவது தடவையாக விதைத்தார்கள். பகலெல்லாம் வாடைக்காற்று வீசி, சேற்றின் மேல் ஆடை கட்டியது. தெற்கே எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்து முள்காட்டில் செத்த ஆடுகள் ஒதுங்கிக் கிடப்பதாக ஜாபர் அலி வந்து சொன்னார். பூவனலிங்கம் போய்ப் பார்க்கவில்லை.

தை பிறந்து மூன்றாம் நாள் மருமகன் ஆட்டோவோடு வந்தான். பூவனலிங்கம் பேரனை வாங்கிக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போனார். ஒரு குட்டியின் காதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "பிடி, பிடி, ஒனக்குத்தாம்லே இது" என்று கொஞ்சினார். முத்துசெல்வி பக்கத்தில் போய் நின்றாள். அவள் தலையில் கையை வைத்து, "நல்லாத் தின்னுட்டி. மூஞ்சி என்ன இப்பிடி வத்திக் கெடக்கு? நடந்தத நெனைக்காத. ஒம்மேல என்ன இருக்கு?" என்றார்.

"அப்பா, அன்னைக்கி..."

"ஏட்டி முத்துசெல்வி!" ரெங்கம்மாள் வாசலிலிருந்து போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டன. "ஆட்டோக்காரரு எம்புட்டு நேரம் நிப்பாரு? பிள்ளைக்குப் பாலக் குடுத்துட்டுப் பொறப்படு."

முத்துசெல்வி அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். வண்டி விலக்கு ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் பூவனலிங்கம் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு பட்டியைத் திறந்தார். இருபத்து மூன்று ஆடுகள் தெருவில் இறங்கின.

"சோறு போடட்டுமா? தின்னுட்டு ஓட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ரெங்கம்மாள் உள்ளே போய்த் தூக்குச்சட்டியில் கம்பஞ்சோற்றைப் போட்டு மோரை ஊற்றினாள். மூடியில் துவையலை வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, ஆடுகளுக்குப் பின்னால், அவருக்கும் இருபதடி பின்னால் நடந்தாள். வேகமாக நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம். அவள் வேகமாக நடக்கவில்லை.